பெயர் ஒன்று, விதை வேறு

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையை அடுத்த எங்கள் சிற்றூரில், நெல் நடவுக்கு முன் வயலில் சணப்பு விதைப்பது பழைய வழக்கம். பூ தலைகாட்டும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், அதை மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்குவோம். அதன் விதையை உண்ணலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. சென்ற ஆண்டு அது அடுப்பங்கரையிலேயே எழுந்தது.

பெரம்பலூரில் வாழும் எங்கள் தம்பி ஒரு பொட்டலம் கொணர்ந்தார். 'ஹெம்ப் விதை' என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. புரதம் மிகுந்தது என்றார். வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலந்து உண்டோம். பொட்டலம் தீர்ந்தபின், விதைப்புக்கு வைத்திருந்த பையின்மேல் 'சன் ஹெம்ப்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை எங்கள் மருமகள் படித்தாள். "இதுவும் அதுதானே, மாமா?" என்று கேட்டாள். "ஆமாம் அம்மா" என்றோம். படித்தவர்கள் என்ற துணிவு!

வாணலி அடுப்பேறியது. மணம் எட்டியதும் திண்ணையிலிருந்த எங்கள் தாயார் எழுந்து வந்தார். "என்னம்மா வறுக்கிறாய்?" "ஹெம்ப் விதை, அப்பாயி." அவர் விதையைக் கையில் அள்ளிப் பார்த்தார். "இது சணப்பு. மண்ணுக்குப் போடுவது, வயிற்றுக்கு அன்று" என்று வாணலியை இறக்கிவிட்டார். எழுத்தறியாத அந்த மூதாட்டியின் முன் நாங்கள் நாணி நின்றோம்.

பின்னர் விசாரித்தறிந்தவை இவை. உணவாக விற்கப்படும் ஹெம்ப் விதை கஞ்சா இனச் செடியின் விதை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், தனித்த விதையைக் கஞ்சாவாகக் கொள்வதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் அவ்விதையையும் அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றையும் உணவாக ஏற்றது. ஆயினும் வரம்பு உண்டு. மயக்கம் தரும் டி.எச்.சி. என்னும் பொருள், விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் எண்ணெயில் 10 மில்லிகிராமையும் மிகலாகாது. முளைக்கும் திறனுள்ள விதையை உணவாக விற்றலும் ஆகாது.

சணப்போ முற்றிலும் வேறு குடும்பம்; கிலுகிலுப்பையின் உறவு. நார் தருவதால் ஆங்கிலேயர் அதற்கும் 'ஹெம்ப்' என்றே பெயரிட்டனர். இவ்வினத்து விதைகளில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. 1970களில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமையோடு ஒருவகைக் காட்டுக் கிலுகிலுப்பை விதை கலந்துவிட்டது. அதை உண்டவர்களில் 67 பேர் கல்லீரல் நோயுற்றனர். 28 பேர் மாண்டனர். அவர்கள் உண்டது அன்றாட ஏழை உணவு. களைவிதை கலந்தது கண்ணுக்குப் புலப்படவில்லை. எங்களுக்கோ விதையின் பெயர் பையிலேயே இருந்தது. அதைப் படித்தே ஏமாந்தோம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு வழக்கங்கள். விதைப்புக்கானவை அடுப்பங்கரைப் பக்கம் வருவதில்லை. அவற்றில் பூச்சிமருந்து கலந்திருக்கவும் கூடும். புதிய உணவுப் பொட்டலம் எதுவாயினும், உணவு உரிமத்தின் 14 இலக்க எண் உண்டா என்று பார்த்தே வாங்குகிறோம். ஐயம் எழுந்தால் உண்பதில்லை.

அன்பர்களே, பெயரை வாசிக்கக் கற்றுவிட்டோம். பொருளை அறிந்த பெரியோரை ஒரு வார்த்தை கேட்க மறந்துவிட்டோம். திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த அறிவு நம் குழந்தைகளின் உயிரைக் காக்கும்.