தேறுவதும் ஒரு வேலைதான்

குடல்வால் ஆபரேஷன் முடிந்து டிராலி வெளியே வந்ததும் வாசலில் நிற்கும் குடும்பம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே பயமில்லையே?" சர்ஜன் இரண்டு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த உடம்பு எங்கள் பொறுப்பு. சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்ப்பதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது: குடல்வாலை எடுப்பது சர்ஜனின் வேலை, தேறி எழுவது நோயாளியின் வேலை. அந்த வேலையை அவருக்குப் பழக்கி, அவர் கையில் ஒப்படைத்து அனுப்புவது எங்கள் தொழில்.

முதல் சில மணி நேரம் எல்லாமே கண்காணிப்புதான். நாடி, பிரஷர், மூச்சு, டிரெஸ்ஸிங்கில் ரத்தம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால், கால் விரலை அசைக்கச் சொல்வோம். சிறுநீர் போனாரா என்று கேட்போம். மரத்த உடம்புக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாது. நோயாளி "ஒண்ணும் தோணலையே சிஸ்டர்" என்பார், அடிவயிற்றைத் தொட்டால் உப்பியிருக்கும்.

சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வேறொரு பயம் வரும். "ஆபரேஷன் வயித்துலதான? தோள்பட்டை ஏன் சிஸ்டர் வலிக்குது? ஹார்ட்டா இருக்குமோ?" உள்ளே பார்க்கவும் கருவிகளை நகர்த்தவும் இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். அதில் மிஞ்சியது உதரவிதானத்துக்கு அடியில் தங்கி உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டையின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் ஒரே மட்டத்தில் கிளம்புகின்றன. அதனால் உறுத்தல் கீழே, வலி மேலே. நாடியையும் பிரஷரையும் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் முகத்தில் இருந்த பாதி வலி அங்கேயே இறங்கிவிடும். மீதி ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் டாக்டரை உடனே கூப்பிடுவோம்.

அடுத்தது எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" கல்லூரிப் பெண்கள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கட்டில் பாட்டி, "சொல்லும்மா, இதுல என்ன வெக்கம்" என்று எடுத்துக்கொடுப்பார். வயிற்றைத் திறந்ததும், மயக்க மருந்தும், வலிக்குத் தரும் சில மருந்துகளும் சேர்ந்து குடலைத் தூங்க வைத்துவிடுகின்றன. சிறுகுடல் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். சிக்கலில்லாத கேஸில் அன்றைக்கோ மறுநாளோ டாக்டர் தண்ணீர் ஆகாரம் தொடங்கச் சொல்லிவிடுவார். காற்று பிரியும்வரை வாய் நனைக்கக்கூடாது என்ற பழைய கெடுபிடி இன்று தளர்ந்துவிட்டது. குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தால் கதையே வேறு. டிரெயின் குழாய், நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக், வயிறு உப்பாமல் இருக்கிறதா என்ற காத்திருப்பு. பக்கத்துக் கட்டில்காரர் இட்லி சாப்பிடும்போது தனக்கு மட்டும் ஏன் டிரிப்ஸ் என்று அந்த நோயாளி நொந்துகொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே பெயருள்ள ஆபரேஷன்தான், பாதை மட்டும் வேறு என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலின் நுட்பம் எல்லாம் கூடியிருப்பது நோயாளியை முதல் முறை எழுப்பும் நேரத்தில்தான். மல்லாந்தபடியே நிமிர்ந்து எழ விட்டால் தையல் போட்ட தசை முழுக்க இழுபடும். முதலில் முழங்காலை மடக்கச் சொல்வேன். அப்படியே ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே முழங்கையை ஊன்றி எழுந்தால் வயிற்றுக்கு வேலையே இல்லை. எழுந்ததும் நிற்கக் கூடாது. தலை சுற்றுகிறதா, முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பேன். ஒரு தலையணையை மடித்து வயிற்றோடு அணைத்துப் பிடித்து இருமச் சொல்வேன்; தையல் பிரிந்துவிடும் என்ற பயம் அப்படி இருமும்போது போய்விடும். பிறகுதான் நடை: கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து பாத்ரூம் வரை.

"நேத்துதானே ஆபரேஷன், இன்னிக்கே நடக்க வைக்கிறீங்களே, பாவம் புள்ள" என்று அம்மாக்கள் கண் கலங்குவார்கள். அந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு பழைய மருத்துவமும் இருக்கிறது. ஒரு காலத்தில் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கையை விட்டு அசையக்கூடாது என்றார்கள். 1899-இல் சிகாகோவின் எமில் ரீஸ் என்ற சர்ஜன், வயிற்று ஆபரேஷன் செய்தவர்களைச் சீக்கிரமே எழுப்பலாம் என்று எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெட்ராய்ட் நகரத்து சர்ஜன் டேனியல் லைட்ஹவுசர் அதே கருத்தை மறுபடி நிலைநிறுத்தி 1946-இல் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையும், குடலும் சோம்பிப் போகும். இதைச் சொன்னால் அந்த அம்மாவே அடுத்த நடைக்கு மகன் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். "பருப்பு குடுத்தா சீழ் வைக்கும், பாட்டி கண்டிப்பா சொல்லிட்டாங்க." பருப்பு, பால், முட்டை எல்லாம் விலக்கி வெறும் கஞ்சியும் பிரட்டுமாக வைத்திருப்பார்கள். காயம் ஆற உடம்புக்குப் புரதம்தான் வேண்டும்; சீழ் வைப்பது கிருமியால். பாட்டியை எதிர்த்துப் பேசினால் வீட்டுக்குப் போனதும் பாட்டிதான் ஜெயிப்பார். அதனால் பாட்டியையே பக்கத்தில் உட்காரவைத்து, "குடல் தாங்குற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, நல்லா வேகவெச்ச பருப்பா நீங்களே பண்ணிக் குடுங்க பாட்டி" என்று பொறுப்பை அவரிடமே தந்துவிடுவேன்.

இளைஞர்களிடம் பிரச்சினை அவசரம். தோல் தையல் பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் பிரிக்கப்படும். மேலே தோல் கூடியதும் உள்ளேயும் ஆறிவிட்டது என்று மூட்டை தூக்கப் போய்விடுவார்கள். வெட்டுப்பட்ட வயிற்றுச் சுவர் ஆறு வாரத்திலும் பழைய பலத்தில் சுமார் பாதிக்குத்தான் வந்திருக்கும். 1961-இல் அண்டார்டிகாவில் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்த ரஷ்ய டாக்டர் லியோனித் ரோகோஸோவைப் பற்றி மொபைலில் படித்துவிட்டு ஒரு தம்பி என்னிடம் பெருமையாகக் காட்டினான். "அவரே வேலைக்குத் திரும்ப ரெண்டு வாரம் ஆச்சு தம்பி, அதுவும் டாக்டர் வேலைக்கு. நீ தூக்குறது சிமென்ட் மூட்டை" என்றேன். லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் சீக்கிரம் திரும்பலாம். திறந்து செய்தவர்கள் பாரம் தூக்க ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். தேதியை சர்ஜன் சொல்லட்டும்.

டிஸ்சார்ஜ் அன்று நான் விடாமல் சொல்பவை சில உண்டு. விட்ட காய்ச்சல் நாலைந்து நாள் கழித்துத் திரும்பினால், தையல் சிவந்து சூடாகித் தண்ணீர் கசிந்தால், வாந்தியோடு வயிறு உப்பினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே வர வேண்டும். இன்னொன்றைப் பலரும் கோட்டை விடுகிறார்கள்: சளி கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் வைத்தியம் பார்ப்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தை ஒட்டி காய்ச்சலோடு இது வந்தால், அடிவயிற்றின் ஆழத்தில் சீழ் கட்டி மலக்குடலை உறுத்துவதாக இருக்கலாம். எடுத்த குடல்வாலின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் வாங்கி டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. அபூர்வமாக அதில் கட்டி ஒளிந்திருப்பது தெரியவரும்.

எல்லாம் சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பேன். தடுமாறும் இடத்தில்தான் நான் சரியாகப் புரியவைக்கவில்லை என்று தெரியும். அங்கே மறுபடி சொல்வேன். கட்டில்கள் நிரம்பி வழியும் வார்டில் முதலில் பலியாவது இந்தப் பேச்சுதான். மருந்துச் சீட்டை நீட்டி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் நோயாளி தன் உடம்பைத் தானே கவனிக்கக் கற்றுக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடமும் சிகிச்சைதான். ஊசிக்கும் டிரெஸ்ஸிங்கிற்கும் நேரம் ஒதுக்குவதுபோல அதற்கும் டியூட்டியில் நேரம் ஒதுக்கியாக வேண்டும்.