அறிக்கையில் நான் எழுதியது

சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கே2 என்னும் கடைசி ஆண்டு வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஆண்டு முடிவில் பெற்றோருக்கு நான் எழுதிக் கொடுத்த முன்னேற்ற அறிக்கைகளில் உண்மையில்லாத வரிகள் இருக்கின்றன. “காய்கறி, விலங்கு, உறவுமுறைச் சொற்களை நன்கு அறிந்திருக்கிறார்” என்று எழுதினேன். அந்தச் சொற்களை அவர்களில் பலர் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

இணைய விளையாட்டுகள் காட்டிய மதிப்பெண்களை வைத்துத்தான் எழுதினேன். ஆசிரியரே படமும் சொல்லும் ஒலியும் ஏற்றி விளையாட்டு உருவாக்கிக்கொள்ளும் தளங்கள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றலாம், பெட்டியைத் திறக்கலாம், சொல்லை இழுத்துப் படத்தின்மேல் வைக்கலாம். சரியாக வைத்தால் மணி அடிக்கும், நட்சத்திரம் வரும். 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாகப் பாலர் பள்ளிகளின் வழக்கமான சேவை நின்றபோது அவற்றைக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகும் நான் அவற்றை விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையிடம் தமிழில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது எனக்குக் கடினமாக இருந்தது. கேட்பேன்; பிள்ளை என்னைப் பார்க்கும். மறுபடி கேட்பேன், ஆங்கிலத்தில் பதில் வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். பத்தாண்டுக்கு முன் அது 32.3 விழுக்காடு. தமிழுக்கு 2020இல் 2.5 விழுக்காடு. இந்த எண்களை நாளிதழில் படிப்பது வேறு. ஐந்து வயதுப் பிள்ளை தமிழில் பேச வராமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது வேறு. திரை என்னை அந்த மௌனத்திலிருந்து காப்பாற்றியது. பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், வகுப்பைப் பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள், வகுப்பில் எடுத்த படங்களைப் பார்த்த பெற்றோரும் நன்றி சொன்னார்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருமுறை லிட்டில் இந்தியாவுக்குக் கற்றல் பயணம் போனோம். தேக்கா ஈரச்சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் கத்தரிக்காயை எடுத்து ஒரு சிறுமியிடம் நீட்டி, “இது என்னம்மா, சொல்லு பாப்போம்” என்றார். விளையாட்டில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை அவள். “பிரிஞ்சால்” என்றாள். “சரி, தமிழ்ல?” என்று அவர் கேட்டதும் என் பக்கம் திரும்பினாள். அது விளையாட்டில் இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் எனக்கு நினைவூட்டினாள். அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை அவள் குரலில் இருந்தது.

பள்ளிக்குத் திரும்பியதும் சோதித்துப் பார்த்தேன். கத்தரிக்காய் என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் வேறொரு சொல்லை வைத்தேன். அதையும் ஊதாநிறப் படத்தின்மேல்தான் இழுத்து வைத்தாள். இருப்பதில் நீளமான சொல் ஊதாப் படத்துக்கு உரியது என்பதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். புத்திசாலிப் பிள்ளை. ஆனால் அவள் கற்றுக்கொண்டது தமிழ் அல்ல. இதைத் தெரிந்துகொண்ட சில வாரங்களில்தான் அவளுடைய அறிக்கையில் “நன்கு அறிந்திருக்கிறார்” என்று எழுதினேன். வேறு எழுதியிருந்தால் ஆண்டு முழுவதும் வகுப்பில் என்ன செய்தேன் என்ற கேள்வி வந்திருக்கும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருக்கிறேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுவோர் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைத் திரையில் காட்டியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் பிள்ளைகள் கைக்குழந்தைகள் அல்ல. ஆனாலும் மொழி மனிதரிடமிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது 2005இல். என் விளையாட்டுகளில் எழுத்துத்தமிழ் மட்டுமே இருந்தது. வீட்டில் பாட்டி “கத்திரிக்கா” என்பார். அந்தச் சொல்லை வகுப்புக்குள் கொண்டுவந்திருந்தால் பிள்ளைக்குப் பாட்டியின் சமையலறையிலேயே தமிழ் கிடைத்திருக்கும்.

2025 ஜனவரியில் சிங்கப்பூரில் வந்த சுகாதார வழிகாட்டல், பதினெட்டு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கட்டும் என்கிறது. என் வகுப்பு அந்தக் கணக்கில் வராது. அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

இணைய விளையாட்டைக் குற்றவாளியாக்கவும் மாட்டேன். இப்போதும் பயன்படுத்துகிறேன், வேறு விதமாக. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று முதலில் ஒரு பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. அதன்பிறகுதான் பெட்டி திறக்கும். மௌனம் வந்தால் காத்திருக்கிறேன். வகுப்பு முன்பைவிட மெதுவாகப் போகிறது, பாராட்டும் குறைந்துவிட்டது.

அந்த ஆண்டுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெற்றோரை அழைத்து இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணையும் நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். “இந்த வாரம் என் பிள்ளை தமிழில் என்ன பேசினாள்?” என்று எங்களைக் கேளுங்கள். எங்களால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாவிட்டால், நாங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை நம்பாதீர்கள்.