உங்கள் அலுமாரியை ஒருக்கால் திறந்து பாருங்கள்

 

போன கிழமை தரம் 8 பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், டார்சான் படம் முதன்முதல் எப்ப வந்தது?" 1918இல், பேச்சு இல்லாத ஊமைப் படமாக வந்தது என்றோம். "அப்ப பழைய டார்சான் எல்லாம் யூடியூபில இருக்குமோ?" என்றான். இடைவேளையில் எல்லோருமாகத் தேடிப் பார்த்தோம்.

1928இல் அமெரிக்காவின் யுனிவர்சல் கம்பனி 'டார்சான் தி மைட்டி' என்றொரு காட்டுச் சாகசத் தொடர் படம் எடுத்தது. தியேட்டரில் கிழமைக்கு ஒரு அத்தியாயம் காட்டுவார்கள். கதாநாயகன் ஃபிராங்க் மெரில், உடற்பயிற்சி வீரர். 12 அத்தியாயம் என்று தொடங்கி, சனங்களின் வரவேற்பால் 15 ஆக நீட்டினார்கள். இன்று சுவரொட்டிகளும் சில புகைப்படங்களும் இருக்கின்றன. படம் இல்லை.

ஏன் இல்லை? அந்தக் காலத்துப் பிலிம் நைத்திரேற்றால் ஆனது. பற்றினால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். எரியாவிட்டாலும் நாளடைவில் உக்கிவிடும். பேசும் படம் வந்த பிறகு ஊமைப் படத்தைச் சீண்டுவாரில்லை. பிலிமில் உள்ள வெள்ளியை எடுக்கவே பலதை அழித்தார்கள். அமெரிக்காவில் வந்த முழுநீள ஊமைப் படங்களில் முதலில் வெளியான வடிவிலேயே மிஞ்சியவை நூற்றுக்குப் 14 மட்டும் என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது.

எங்கள் நாட்டுக் கதை இன்னும் கவலை. இலங்கையின் முதல் கதைப்படம் 'ராஜகீய விக்ரமய', 1925இல் வந்த ஊமைப் படம். தயாரித்தவர் டி. ஏ. ஜே. நூர்பாய். கதாநாயகன் யார் தெரியுமா? என். எம். பெரேரா என்ற மருத்துவர்! பம்பாயிலும் சிங்கப்பூரிலும் ஓடிய அந்தப் படம், இங்கே திரையிட முன்னமே தீயில் போய்விட்டது. சொந்த நாட்டுச் சனம் பார்க்கவேயில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொன்னோம். 2010இல் நியூசிலாந்தில் 75 பழைய அமெரிக்கப் படங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஜோன் ஃபோர்டின் 'அப்ஸ்ட்ரீம்' அதில் ஒன்று. படங்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. திருப்பி அனுப்பும் செலவு கூடுதல் என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். பிறந்த வீட்டில் தொலைந்ததை யாரோ ஒருவர் தூரத்தில் வைத்திருந்தார்.

இதைச் சொல்லும்போது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. 1990 ஒக்டோபரில் எங்கள் சனங்கள் ஊரை விட்டுப் போனபோது எங்களில் பலர் கைக்குழந்தைகள். உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர்கள் அல்பத்தையா தூக்குவார்கள்? எங்கள் வீட்டில் வாப்பாவின் இளமைக் காலத்துப் படம் ஒன்றுகூட இருக்கவில்லை.

திரும்பி வந்து சில வருடங்களுக்குப் பிறகு, பழைய பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டனுப்பினா. அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துத் தந்தா. "உங்கட கொப்பான்ர கலியாணப் படம் மோனை. ஆரும் வந்து கேப்பினம் எண்டு வைச்சிருந்தனான்." இருபது வருடத்துக்கு மேலாக வைத்திருந்திருக்கிறா. இடம்பெயர்ந்தபோதும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறா.

அந்தப் படத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். ஐந்து பேரை ஆச்சி சொன்னா. மற்ற இருவரும் யாரென்று கேட்க வாப்பா இப்போது இல்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. சுன்னாகத்திலும் சுற்றுவட்டத்திலும் உள்ள உறவுகளே, உங்கள் அலுமாரியை, ட்ரங்குப் பெட்டியை ஒருக்கால் திறந்து பாருங்கள். உங்களுடையதோ அடுத்த வீட்டாருடையதோ, பழைய படம் இருந்தால் போனில் ஒரு பிரதி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து, யார் யார் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.