சீனிக் குளிசையும் உம்மாவின் படபடப்பும்

எங்கட வீடுகளில் பல வருடங்களாக சீனி வருத்தத்திற்கு மெட்ஃபோர்மின் போடும் உம்மாமார் நிறையப் பேர். கால் விறைக்குது, மறதி கூடிட்டுது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்குது என்பார்கள். "வயசு போனா அப்படித்தான்" என்ற பதில் வீட்டில் தயாராக இருக்கும்.

மெட்ஃபோர்மினை நீண்ட காலம் எடுத்தால், உணவிலுள்ள விட்டமின் பி12 உடம்பில் சேர்வது குறையலாம். நரம்புக்கும் இரத்தத்துக்கும் தேவையான சத்து அது. குறைந்தால் சோர்வு, விறைப்பு, மறதி வரும். சிலருக்கு மனப் பதற்றமும் வரும்.

"மீனும் இறைச்சியும் சாப்பிடுற எங்களுக்கு அது ஏன் குறையப் போகுது?" என்று எங்கட சாச்சி கேட்டார். சாப்பிடுவது வேறு, உடம்பு எடுப்பது வேறு. சோதித்தபோது குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டு சில மாதங்களில் விறைப்பு குறைந்தது, படபடப்பும் ஓரளவு தணிந்தது. (முழுக்கத் தணியவில்லை. மகன் வெளிநாட்டில், அதற்கு ஊசி இல்லை.)

பார்மசியில் தாமாகவே விட்டமின் பி குளிசை வாங்கி மாதக்கணக்கில் போடுவோரும் உண்டு. பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைப் பாதித்து விறைப்பைக் கொண்டுவரும்.

அடுத்த கிளினிக்குக்கு உம்மாவோடு யாராவது கூடப் போங்க. பி12 சோதிக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்க. சீனிக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திடாதீங்க.