பிரீ மலையும் நான்கு ஊர்களும்

மிடில் எர்த் என்னும் கற்பனை உலகின் வரைபடத்தில், கிழக்கு நெடுஞ்சாலையும் வடக்கேயிருந்து வரும் பழைய சாலையும் சந்திக்கும் இடத்தில் சின்னதாக ஒரு மலை. அதையொட்டி நான்கே ஊர்கள்: மலையடியில் பிரீ, மலைக்கு அந்தப் பக்கம் ஸ்டாடில், சற்றுக் கிழக்கே ஆழமான பள்ளத்தாக்கில் கூம், செட்வுட் காட்டோரம் ஆர்ச்செட். வயலும் தோப்புமாகச் சில மைல் அகலம், அவ்வளவுதான். வடக்குச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்து புல் மண்டிவிட்டதால் அதைப் பசும்பாதை என்றே சொல்கிறார்கள்.

டோல்கீனின் ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’ (1954) நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் ஹாபிட்டுகள் என்னும் சிற்றுருவ இனத்தாரின் நாடான ஷயரைத்தான் கொண்டாடுவார்கள். எனக்குப் பிரியம் பிரீயின் மேல். இங்கே மனிதர்களும், நான்கடியைத் தாண்டாத ஹாபிட்டுகளும் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். மனிதர்களுக்கு நூறு கல்வீடுகள் போல, ஜன்னல்கள் மேற்கே பார்த்தபடி. பிரீயிலுள்ள ஹாபிட்டுகள் பெரும்பாலும் அவற்றுக்கு மேலே சரிவில். அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொண்டாலும், இருவரும் சேர்ந்தால்தான் ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ‘பிரான்சிங் போனி’ சத்திரத்துக்குத்தான் போகவேண்டும். சாலையைப் பார்த்து மூன்று தளம். பின்கட்டு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது என்பதால், இரண்டாம் தளத்து ஜன்னல்கள் பின்பக்கம் தரையோடு தரையாக இருக்கின்றன. வடக்குக் கட்டில் ஒன்றிரண்டு அறைகள் ஹாபிட்டுகளுக்கென்றே கட்டியவை: தரைத்தளம், வட்ட ஜன்னல். யாரோ கேட்டுப் பிற்பாடு சேர்த்தவை அல்ல; சத்திரம் எழும்பிய நாளிலேயே அவர்களையும் மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஊரைச் சுற்றி ஆழமான அகழி, உட்புறம் அடர்ந்த உயிர்வேலி, இருட்டினால் பூட்டும் வாசல்கள். ஆனால் உண்மையான காவல் வேலிக்கு வெளியே இருந்தது. ரேஞ்சர்கள் என்னும் நாடோடிகள் வனாந்தரத்தில் அலைந்து, பகைவர்கள் நெருங்காமல் இந்த ஊர்களைக் காத்துவந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஸ்ட்ரைடர் என்று பட்டப்பெயர் வைத்து, சத்திரத்து மூலையில் அவர் உட்கார்ந்திருந்தால் சந்தேகமாகப் பார்த்தார்கள் பிரீக்காரர்கள். ஹாபிட்டைச் சரிசமமாக நடத்தத் தெரிந்த ஊருக்கு ரேஞ்சர்களை மதிக்கத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

ரேஞ்சர்கள் தெற்கே போருக்குப் போனதும் முரடர்கள் தலையெடுத்தார்கள். சண்டையில் ஐந்து உயிர்கள் போயின. மூன்று மனிதர்கள், இரண்டு ஹாபிட்டுகள். சத்திரக்காரர் பார்லிமன் பட்டர்பர் அந்த ஐவரின் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்கிறார். ரேஞ்சர்கள் தங்களுக்குச் செய்துவந்தது இப்போதுதான் புரிகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். போருக்குப் பின் முடிசூடிய புதிய அரசன் பிரீயை நிம்மதியாக விட்டுவைப்பாரா என்பது அவருடைய அடுத்த கவலை. அந்த அரசனே ஸ்ட்ரைடர்தான் என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொன்னதும், பட்டர்பர் வாய்பிளந்து நிற்கிறார்.