அப்பாவின் வால்வு
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

திருவரங்கத்தில் பூக்கட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பெருந்தமனியின் அடிப்பகுதி வீங்கி, வால்வும் கசிவதாக மருத்துவர் சொன்னார். வீங்கியதை நீக்கி, வால்வு பொருத்திய டேக்ரான் குழாயைத் தைத்து, இதயத்துக்கே இரத்தமூட்டும் தமனிகளையும் அதில் இணைக்க வேண்டும். 1968-இல் பென்ட்டாலும் டி போனோவும் வெளியிட்ட முறை இது.

உலோக வால்வா, திசு வால்வா என்றார்கள். கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உலோகம் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. அப்பாவோ கத்தியும் வாழைநாருமாக வாழ்பவர். மாட்டின் இதய உறையில் செய்தது பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு வரும். இளவயதினருக்குச் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து கெடும். அப்பாவுக்கு வயது 63. திசு வால்வு என்றேன்.

"ஏண்டா, மாட்டுத் தோலா?" என்றாள் அம்மா.

"பால் குடிக்கிறோமே, அப்புறமென்ன?" என்று அப்பாவே முடித்துவிட்டார்.

இப்போது பழையபடி விடியலில் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போகிறார். வால்வு தேய்ந்தால் தொடை இரத்தக் குழாய் வழியே பழையதற்குள் புதியதைப் பொருத்த வழியுண்டாம். அப்போது எனக்கு 35 வயதாகியிருக்கலாம். அதற்கு ஆகும் செலவை இன்னும் நான் வீட்டில் சொல்லவில்லை.