ஆன்சன்: துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு தொகுதி

தமிழ்நாட்டில் தனித்தொகுதி என்றால் ஒதுக்கீட்டுத் தொகுதி. சிங்கப்பூரில் அதே சொல்லுக்கு ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி என்று பொருள். தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் 1959 முதல் 1988 வரை இருந்த ஆன்சன் அப்படிப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் எதிர்க்கட்சிக்கு முதல் தேர்தல் வெற்றியைத் தந்த தொகுதி என்றே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அங்கே வென்றவர்களின் பட்டியல். 1959இல் மலாய்க்காரரான பஹாருதீன், 1961 இடைத்தேர்தலில் யூதரான டேவிட் மார்ஷல், 1963 முதல் தமிழரான கோவிந்தசாமி, 1979இல் மலையாளியான தேவன் நாயர், 1981இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜெ. பெ. ஜெயரத்தினம். சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், ஆன்சன் ஒரு முறைகூடச் சீனர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1988இல், சிறுபான்மையினர் ஒருவராவது இருக்கும் வேட்பாளர் அணியை ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி முறை வந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட காரணமோ, வாக்காளர்கள் இனம் பார்த்து வாக்களித்தால் தனித்தொகுதியில் சிறுபான்மையினர் வெல்வது கடினம் என்பது.

கோவிந்தசாமியும் தேவன் நாயரும் வென்றது மக்கள் செயல் கட்சியின் பலத்தால்தானே என்று கேட்கலாம். உண்மைதான், 1968 முதல் 1980 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களையும் வென்ற கட்சி அது. 1980 டிசம்பரில் தேவன் நாயர் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்றார். அவர் அதிபரானதும் 1981 அக்டோபர் 31இல் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி நிறுத்திய சீன வேட்பாளருக்கு 6,359 வாக்கு. பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினத்துக்கு 7,012. பத்தே மாதத்தில் நடந்த இந்த மாற்றத்துக்கு இனம் காரணமாக இருந்திருக்க முடியாது. பிளேர் பிளேனில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்பில் இருந்தவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். கொள்கலன்களை அடுக்க இடம் தேவைப்பட்டது. சட்டிபானையோடு எங்கே போவது என்பது குடும்பங்களின் கேள்வி. சிறிய தொகுதியில் இப்படியொரு குடியிருப்பின் மனக்குறையே முடிவைப் புரட்டிப் போட்டுவிடும். அது தற்செயல் வெற்றி என்றவர்களுக்கு 1984 பதில் சொன்னது: ஜெயரத்தினம் சுமார் 57 சதவீத வாக்கோடு மறுபடி வென்றார்.

ஆன்சனை மட்டும் வைத்து நாடு முழுவதையும் எடைபோட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த இடம் என்பதால் அதன் வாக்காளர் கலவையும் வேறாக இருந்திருக்கும். கப்பல் துறையும் அலுவலகங்களும் விரியவே, குடும்பங்கள் புதுநகர்களுக்குப் போனதையும் மறுக்கவில்லை. ஆள் குறைந்தால் எல்லையை மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி உகந்ததல்ல என்று வாதிட்டவர்கள், கண்முன்னே இருந்த இந்த 29 ஆண்டுச் சான்றுக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். 1986இன் இறுதியில், கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜெயரத்தினம் பதவி இழந்தார். இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆன்சனுக்கு உறுப்பினரே இல்லை. 1988 செப்டம்பர் 3 பொதுத்தேர்தலில் 81 இடங்களில் 39 குழுத்தொகுதிகளுக்குப் போயின. எஞ்சிய 42 தனித்தொகுதிகளில் ஆன்சன் இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் அன்று வேறு தொகுதிகளின் வாக்காளர்களாக வரிசையில் நின்றார்கள்.